பென்சிலில் எழுதிய தூக்கம்

லோகேஸ்வரி மேல் எனக்கு ஆறு வருடக் கோபம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எதுவும் சரியாக வராது.

நான் ஓட்டுவது பினாங்குத் தீவில் ஒரு தொழிற்சாலை பஸ். நாற்பத்து நாலு சீட். காலையில் முதல் நிறுத்தம் சுங்கை பினாங் பிளாட் வாசல். அப்புறம் ஜெலுத்தோங், குளுகோர், கடைசியில் தொழிற்சாலை இருக்கும் பாயான் லெப்பாஸ். பகல் ஷிப்டைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ராத்திரி ஷிப்டை ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். சாயங்காலமும் அதே மாதிரி ஒரு சுற்று. சுங்கை பினாங்கில் எனக்கு எழுதிக் கொடுத்த நேரம் ஆறு ஐந்து. 2019 மார்ச் மாதம் ஒரு நாள் ஆறு இரண்டுக்கே வண்டியை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். நிறுத்தவில்லை.

நாலு நாள் கழித்து பஸ் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் ஒரு கடிதம். ஒன்றரைப் பக்கம், முழுக்க இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் வராது. பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். முதலாளியே படித்துச் சொன்னார்: வேலைக்குப் போகும் பெண்களின் நேரத்துக்கு இந்த ஓட்டுநரிடம் மரியாதை இல்லை, நடவடிக்கை எடுக்க வேண்டும். கீழே கையெழுத்து, லோகேஸ்வரி, டெஸ்ட் டெக்னீஷியன். அந்தக் கடிதத்தின் நகலோடு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. இருபது வருடம் பஸ் ஓட்டி அதுவரைக்கும் ஒரு கடிதம் வாங்கினதில்லை.

இரண்டையும் மடித்து, என் தலைக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்புப் பலகையில் சொருகி வைத்தேன். ஏன் மூன்று நிமிடம் முன்னாடி எடுத்தாய் என்று முதலாளி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாளிலிருந்து ஆறு ஐந்து என்றால் ஆறு ஐந்துதான். மணி பார்க்கப் போனை எடுத்துப் பிடித்துக்கொண்டு வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஆறு நாலு. புகார் எழுதற மகாராணி ஏறியாச்சா? இல்ல, கம்பளம் விரிக்கணுமா?"

அவள் ஏறும்போதே பதில் வரும். "கம்பளம் வேணாம்ணே. மொதல்ல படிய கூட்டுங்க, ஒரே சிகரெட்டுத் துண்டு."

பின்னால் இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். இப்படியே ஓடின வருடங்கள். கோபம் போகவில்லை, ஆனால் பழகிப்போனது. செருப்பில் இருக்கிற சின்னக் கல் மாதிரி.

அவள் பட்டதாரி என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. டிகிரி முடித்துவிட்டு இரண்டு வருடம் வேலை தேடியிருக்கிறாள். அப்பா போய்ச் சேர்ந்ததும், ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித் தொழிற்சாலைக்கு வந்தாள். அந்த ஆறு மாதம் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் ராத்திரி. வீட்டில் அம்மா வடிவம்மாளும் இவளும் மட்டும். ஒன்பதாவது மாடி. லிப்ட் வேலை செய்தால் அது நல்ல நாள்.

2021-இல் மாஸ்டர்ஸ் படிக்க எழுதிப் போட்டு இடம் கிடைத்தது. பகுதி நேரம். அதே வருடத்தில்தான் சேலை வியாபாரமும் ஆரம்பித்தது. வியாபாரம் என்றால் சேலை விற்பதில்லை, மடிப்பது. இப்போது இருக்கிற பிள்ளைகளுக்குச் சேலை கட்டத் தெரியாது, கட்டிவிட ஆளும் இல்லை. அதனால் சேலையைத் தபாலில் இவளுக்கு அனுப்புகிறார்கள். இடுப்பளவு, உயரம், போடப்போகிற செருப்பின் குதி உயரம் எல்லாம் எழுதி அனுப்புகிறார்கள். இவள் முந்தானைக்கு ஏழு மடிப்பு, இடுப்புக்குக் கொசுவம் எல்லாம் எடுத்து, அயர்ன் போட்டு, கிளிப் மாட்டி, பெட்டியில் மடித்துத் திருப்பி அனுப்புவாள். வந்ததை எடுத்து இடுப்பில் சுற்றி மாட்டினால் வேலை முடிந்தது. டிக்டாக்கில் வீடியோ போட்டாள். ஜொகூரிலிருந்தெல்லாம் சேலை வர ஆரம்பித்தது.

ஒரு நாள் சாயங்காலம் திரும்பி வரும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். பஸ்ஸின் நடு வரிசையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று சேலை தொங்குகிறது. சீட்டுக்குப் பின்னால் கை பிடிக்கிற கம்பியில் முந்தானையை வைத்து, துணி காயப்போடுகிற கிளிப் மாட்டி, மடிப்பு மடிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, இது பஸ்ஸா, இல்ல கொடிக் கயிறா?"

"அண்ணே, இந்தக் கம்பி சரியா ஒன்றரை அடிண்ணே. எங்க வீட்டுல இப்படி ஒரு கம்பி இல்ல. நீங்க பள்ளம் பாத்து ஓட்டுங்க, மடிப்பு கலையுது."

பள்ளம் பார்த்து ஓட்ட வேண்டுமாம். அதற்குமுன் இந்த பஸ்ஸில் எனக்கு யாரும் பள்ளத்தைப் பற்றிச் சொன்னதில்லை.

பக்கத்து சீட்டில் எப்போதும் நோர்மா. மலாய்க்காரப் பெண். ஆனால் அதே பிளாட்டில் பிறந்து வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். அவள் ஒரு முனையைப் பிடிப்பாள், இவள் மறு முனையை இழுப்பாள். பிடித்தபடியே நோர்மா தூங்கிவிடுவாள். சேலை கையில் இருக்கும், வாய் திறந்திருக்கும்.

"ஓய் நோர்மா, முந்தான!"

"பிடிச்சிருக்கேன்லா," என்பாள், கடைசியில் ஒரு மலாய் 'லா' சேர்த்து, கண்ணைத் திறக்காமலே.

சேலை இல்லாத நாட்களில் லேப்டாப் திறந்திருக்கும். ஒரு நாள் கேட்டேன்.

"அப்படி என்னம்மா படிக்கிற?"

"தூக்கத்தப் பத்திண்ணே."

"அத எதுக்குப் படிக்கணும்? படுத்தா வந்துட்டுப் போவுது."

"ஷிப்ட் வேலைக்காரங்க தூக்கம்ணே. எவ்ளோ தூங்கறாங்க, தூங்காம வேல செஞ்சா என்ன ஆவுதுன்னு."

"தூங்காதவங்களப் பத்தி எழுதறதுக்கு நீ தூங்காம இருக்கணும். அப்படித்தானே?"

அவள் சிரிக்கவில்லை. "ஆமாண்ணே," என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

போன வருடம் 2025. அதுதான் அவளுக்குக் கடைசி வருடம். நவம்பர் மாத முடிவுக்குள் ஆய்வை எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் நாலு வருடம் தண்ணீரில் போட்டது மாதிரி. ஏற்கெனவே இரண்டு தடவை தவணை கேட்டு வாங்கிவிட்டாள். மூன்றாவது கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் எல்லோருக்கும் அந்தத் தேதி தெரியும். நோர்மா தன் போனில் அதற்கு அலாரம் வைத்திருந்தாள்.

ஆய்வுக்குக் குறைந்தது அறுபது பேர் கேள்வித்தாள் நிரப்பித் தர வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் கொடுக்கக்கூடாது, வேண்டுமானால் பஸ்ஸில் கொடுத்துக்கொள், முடிவைச் சுருக்கமாக எனக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று தொழிற்சாலை மேனேஜர் அவளிடம் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை லோகா ஒரு கட்டுக் காகிதத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"அண்ணே, ஒரு உதவி. நாளைக்கும் நாளான்னைக்கும் எனக்கு லீவு, வாத்தியாரப் பாக்கணும். நீங்க இத எல்லாருக்கும் குடுத்து வாங்கி வைப்பீங்களா? பேரு எழுத வேணாம். கட்டத்துல கோடு போட்டா போதும்."

"என்னையா நம்பிக் குடுக்கற? நேரத்துக்கு மரியாதை இல்லாதவன்னு எழுதின ஆளாச்சே நீ."

"அதுக்காகத்தான் குடுக்கறேன். ஆறு வருஷமா ஆறு அஞ்சுக்கு நிக்கிறீங்களே." போகும்போது ஒரு தாளைத் தனியாக எடுத்து நீட்டினாள். "இது ஒங்களுக்கு. டிரைவரும் ஷிப்ட் வேலதான்."

அன்று மதியம் பஸ்ஸை நிழலில் போட்டுவிட்டு என் தாளைப் படித்தேன். தமிழிலும் மலாயிலும் அடித்திருந்தாள். இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம். இடது பக்கம் 'ஒருபோதும் இல்லை' என்றால் வலது பக்கக் கடைசியில் 'எப்போதும்' என்று இருக்கும். முதல் கேள்வி, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்; அதற்கு இடது பக்கக் கட்டம் 'ஏழு மணி நேரத்துக்கு மேல்'. பதினொன்றாவது கேள்வி, வேலை நேரத்தில் உங்களை அறியாமல் கண் மூடியது உண்டா. அதற்குக் கீழே மூன்று வரி காலியாக விட்டு, இருந்தால் ஒரு சம்பவத்தை எழுதுங்கள் என்று போட்டிருந்தது.

அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

என் வீடு சிம்பாங் அம்பாட்டில். பஸ்ஸும் என் வீட்டில்தான் படுக்கும். விடியற்காலை நாலேகாலுக்கு எடுத்தால்தான் பாலம் தாண்டி நேரத்துக்குத் தீவுக்கு வர முடியும். மதியம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. சாயங்காலச் சுற்று முடித்து வீடு திரும்பும்போது பத்தாகிவிடும். வாரக் கடைசியில் கல்யாணம், கோயில் என்று வாடகை ஓட்டம். நாலு மணி நேரம் படுத்தால் அதிகம். ஓடுகிற வண்டியில் தூக்கம் அவ்வளவாக வராது. நிற்கிற வண்டியில்தான் வரும். இன்ஜின் மெதுவாக உறுமிக்கொண்டு, ஏர்கானும் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தால் போதும். 2019-இல் அந்த நாளில், சுங்கை பினாங்கில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்டியரிங்கில் நெற்றி இடித்து முழித்தேன். கால் பிரேக்கிலிருந்து வழுக்கி, வண்டி ஒரு முழம் முன்னால் உருண்டிருந்தது. முன்னால் யாரும் இல்லை. மணி ஆறு இரண்டு. இன்னும் மூன்று நிமிடம் நின்றால் மறுபடியும் தூங்கிவிடுவேன் என்று பயந்து வண்டியை எடுத்தேன். அவ்வளவுதான் கதை. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் முதலாளி சாவியை வாங்கிவிடுவார்.

தாளை மடித்தேன். மேலே அந்த இரண்டு கடிதத்தோடு சேர்த்துச் சொருகினேன்.

மற்றவர்கள் தாளை மட்டும் பொறுப்பாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். இங்கேதான் நான் கெடுத்தேன். எனக்குத் தெரிந்த படிப்பு என்றால் பரீட்சை, மார்க். வேறு எதுவும் தெரியாது. ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் இரண்டு பெட்டி 2B பென்சில் வாங்கினேன். அழிரப்பரும் வாங்கினேன். மறுநாள் காலை எல்லோரும் ஏறினதும் எழுந்து நின்று பேசினேன். மைக் மட்டும்தான் இல்லை.

"எல்லாரும் கேளுங்க. நம்ம லோகா பெரிய பரீட்சை எழுதுது. அதோட மார்க்கு இப்ப உங்க கையில இருக்கு. அந்தப் புள்ள மானத்த வாங்கிடாதீங்க. நல்லா எழுதுங்க. தப்பாப் போட்டா அழிச்சிட்டுப் போடுங்க, ரப்பர் இருக்கு."

பின் வரிசையில் ஒரு அக்கா கேட்டாள். "டிரைவர் அண்ணே, எது சரியான பதில்?"

நான் தாளைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். "இந்தா, இடது பக்கம் இருக்கறதெல்லாம் நல்லது. வலது பக்கம் போகப் போக மோசம்."

"இடது பக்கம், இடது பக்கம்," என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார்கள். நோர்மா அதை மலாயில் நாலு இந்தோனேசியப் பெண்களுக்கு விளக்கினாள். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட், இரண்டு நாளில் அறுபத்திரண்டு தாள். ஒரு தாளும் கசங்கவில்லை. ரப்பர் பாண்ட் போட்டு அவள் கையில் கொடுத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஆறு வருடக் கணக்கை நேர் செய்துவிட்ட மாதிரி.

அடுத்த வாரம் அவள் ஏறும்போது கையில் ஒரு பெட்டி லட்டு. மேனேஜர் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாராம். மாஸ்டர்ஸ் முடித்ததும் பாதுகாப்புப் பிரிவில் ஒரு இடம், ஜனவரியிலிருந்து, பகல் வேலை, மேசை நாற்காலி என்று சொல்லியிருக்கிறார். படிப்பும் முடியும், வேலையும் மாறும், சாயங்காலத்தில் சேலையும் மடிக்கலாம்.

"எல்லாம் ஒண்ணா வருதுண்ணே. எனக்கு பயமா இருக்கு."

"சாப்புடும்மா. பயம் அப்புறம்," என்றேன்.

செப்டம்பர் நடுவில் விஷயம் வெடித்தது. ராத்திரி ஷிப்டுக்கு நாலு மணி வாக்கில் இன்னும் இருபது நிமிடம் ஓய்வு வேண்டும் என்று பெண்கள் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். இப்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டிவிட்டார்கள். அண்மையில் எடுத்த கணக்கின்படி நம் ஊழியர்கள் சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறார்கள், ஆகவே கூடுதல் ஓய்வு தேவைப்படவில்லை.

அன்று காலை ராத்திரி ஷிப்டை ஏற்றிக்கொண்டு திரும்புகிறேன். எப்போதும் ஏறினவுடனே தூங்குகிற கூட்டம் அன்று தூங்கவில்லை.

"லோகா, ஓம் படிப்பால எங்க பிரேக்கு போச்சுடி."

"நாங்க ஒனக்காக எழுதிக் குடுத்தோம். நீ கொண்டுபோய் அவன்கிட்ட குடுத்திட்டே."

"நா குடுத்தது நீங்க எழுதினதுதானேக்கா! ஏழு மணி நேரம்னு நீங்கதானே போட்டீங்க?"

நோர்மா எழுந்து நின்றுவிட்டாள். "நாங்களாவா போட்டோம்? டிரைவர் அண்ணேதான் இடது பக்கம் போடச் சொன்னாரு! ஒனக்கு மார்க்கு வரணும்னு! பென்சில்கூட குடுத்தாரு!"

ஜெலுத்தோங் எக்ஸ்பிரஸ்வேயில் ஜாம். முன்னால் லாரி. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதன் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோகா மெதுவாக நடந்து என் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"நெஜமாண்ணே?"

"பரீட்சைன்னு நெனச்சேன்," என்றேன்.

பின்னால் திட்டிக்கொண்டிருந்த சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணாடியில பாருங்கண்ணே."

பார்த்தேன். சண்டை போட்ட வாயெல்லாம் அப்படியே திறந்து கிடந்தது. நோர்மா நின்றபடியே கம்பியில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

"ஏழு மணி நேரம் தூங்கறவங்க," என்றாள் லோகா. அப்புறம் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "நா பாத்தேண்ணே. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதே பாத்தேன். அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே பதிலு வருமா? ரெண்டு மணி நேரம் படுத்து எந்திரிச்சு ஏத்துனது. பதினஞ்சு சேல கெடக்குது. நெசமா இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். ஒங்கள மட்டும் எப்படிக் குத்தம் சொல்றது?"

நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். "விட்டுடும்மா. நவம்பரு வந்துடப் போவுது. இத வெச்சே எழுதிக் குடு. ஒனக்குப் படிப்பும் ஆச்சு, பகல் வேலையும் ஆச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

"இந்த பஸ்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும்ணே."

சுங்கை பினாங்கில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள், படி எங்கே இருக்கிறது என்று தேடுகிறவள் மாதிரி.

ஒரு வாரம் கழித்து வாத்தியாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். மறுபடியும் எடுக்கலாம், ஆனால் தேதி மாறாது என்று அவர் சொன்னாராம். தீபாவளி அக்டோபர் இருபது. வருடம் முழுக்க அவள் காத்திருக்கிற சீசன் அதுதான். சேலையை மடித்தால் ஆய்வு இல்லை, ஆய்வை எழுதினால் சேலை இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அறிவிப்பு எழுதினாள்: இந்தத் தீபாவளிக்கு ஆர்டர் எடுக்கவில்லை, ஏற்கெனவே வந்த சேலைகள் மட்டும் மடித்து அனுப்பப்படும். அனுப்பிய பத்தாவது நிமிடத்திலிருந்து போன் அலறியது. நாலு வருட வாடிக்கையாளர் ஒருத்தி, பெரிய ஆளாகிவிட்டாய், எங்களை மறந்துவிட்டாய் என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். லோகா அதைச் சத்தமாகப் போட்டுக் காட்டினாள்.

"பெரிய ஆளுலா," என்றாள் நோர்மா, லோகாவின் காலணியைக் காட்டி. ஒரு பக்கம் பிய்ந்து செலோடேப் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்த களைப்பில் இரண்டு பேரும் தூங்கினார்கள்.

இரண்டாவது தடவை தாளை அவளே கொடுத்தாள். என்னை முன்னால் பார்த்து ஓட்டச் சொல்லிவிட்டாள். மேனேஜர் கண்ணில் ஒரு தாளும் படாது என்று ஒவ்வொரு சீட்டிலும் குனிந்து சொன்னாள். பென்சில் கிடையாது, பேனா. நோர்மாதான் முதலில் வாங்கி எழுதினாள். எழுதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பதினொன்றாவது கேள்வியின் மூன்று வரி போதாமல் சிலர் தாளைத் திருப்பி எழுதினார்கள். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் இல்லை. ஒருத்தி மெஷின் முன்னால் நின்றுகொண்டே கனவு கண்டதை எழுதியிருந்தாளாம். கனவில் அவள் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தாளாம். லோகா இதைச் சொன்னபோது சிரிப்பதா, வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இது மேனேஜர் காதுக்குப் போனது. புதுக் கணக்கை முதலில் என்னிடம் காட்டு என்றார். தரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, பல்கலைக்கழக விதி என்று சொன்னாள். அதுவும் உண்மைதான். அவரும் கோபப்படவில்லை. பாதுகாப்புப் பிரிவு வேலையை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் என்றால் என்ன என்று ஒன்பது வருடம் வேலை செய்தவளுக்குத் தெரியாதா?

தீபாவளி அன்றைக்கும் எழுதினாளாம். வடிவம்மாள் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்ததும், வைத்த தட்டு மறுநாள் வரைக்கும் அப்படியே இருந்ததும் நோர்மா சொல்லித்தான் தெரியும். நவம்பர் இருபத்தாறாம் தேதி ஆய்வைக் கொடுத்துவிட்டாள். முடிவு வர நாலைந்து மாதம் ஆகும். பாஸ் ஆகுமா ஆகாதா என்று அவளுக்கே தெரியாது. ஓய்வு நேர விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் இருந்த தாளை மட்டும் யாரோ கிழித்துவிட்டார்கள். யார் என்று கேட்டால் பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள்.

டிசம்பரில் வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு மாத நோட்டீஸ். தை மாதக் கல்யாணங்களுக்குச் சேலை வர ஆரம்பித்திருந்தது. அவளுக்குக் கடைசி நாள் ராத்திரி ஷிப்டில் விழுந்தது. காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சுங்கை பினாங் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் எல்லோரிடமும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். நோர்மா அழுதாள், அழுதுகொண்டே கொட்டாவி விட்டாள். மற்றவர்கள் இறங்கிப் போன பிறகும் லோகா படியில் நின்றாள்.

"இனிமே என்ன செய்யப்போறே?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஒரு மாசம் ராத்திரியில தூங்கிப் பாக்கறேண்ணே. எப்படி இருக்குன்னு. பகல்ல சேல. மார்க்கு வந்தப்புறம் மத்தத யோசிக்கலாம்."

"கம்பி வேணும்னா சொல்லு. பழைய பஸ் ஒடைக்கிற எடத்துல கேக்கறேன். ஒன்றரை அடிதானே."

"ஒன்றரை அடி," என்றாள். சிரித்தாள். திடீரென்று கையை நீட்டி என் தலைக்கு மேலே இருந்த பலகையைக் கீழே இழுத்தாள். மூன்று காகிதமும் என் மடியில் விழுந்தன. எத்தனை நாளாகத் தெரியுமோ அவளுக்கு. மேலே இருந்ததை எடுத்துப் பிரித்தாள். அவள் எழுதிய புகார். வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தது. நின்றபடி ஒன்றரைப் பக்கத்தையும் படித்தாள்.

"ஐயோ, நானா எழுதினேன் இத? இவ்ளோ தப்பு இங்கிலீசுல."

"தப்பான இங்கிலீசுக்கா எனக்கு லெட்டரு குடுத்தாங்க?"

அவள் புகாரை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் காலித் தாளை எடுத்து என் முன்னால் ஸ்டியரிங் மேல் விரித்து வைத்தாள். இருபது கேள்வி, ஒரு கோடுகூடப் போடாதது.

"ஆய்வுக்குன்னு கேக்கலண்ணே. அது முடிஞ்சிருச்சு. யாருகிட்டயும் காட்ட மாட்டேன். அன்னைக்கு நீங்க ஏன் மூணு நிமிஷம் முன்னாடி எடுத்தீங்கன்னு நா ஒரு நாளும் கேக்கல. நாலு வருஷம் இதப் படிச்சப்புறம்தான் கேக்கணும்னு தோணுச்சு."

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. நான் அசையவில்லை. அவள் பையைத் துழாவி ஒரு நீலப் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"பதினொண்ணாவது கேள்விய மட்டுமாவது எழுதிக் குடுங்கண்ணே," என்றாள். "பென்சில் வேணாம். பேனாவுல எழுதுங்க."